பின் சீட்டில் பெட்ரோல் வாடை

"2.7.2024, செவ்வாய். நான்காவது தடவை. ஆரியங்காவு தாண்டியதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, இன்ஜின் படம். ஓட்டத்தில் மாற்றம் இல்லை. நல்ல மழை. குளத்துப்புழைக்கு முன்னால் இரண்டு இடத்தில் நிறுத்தினோம்."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. எதற்காக நிறுத்தினோம் என்று எழுதவில்லை. என் மனைவி வாந்தி எடுப்பதற்காக நிறுத்தினோம். அந்த மாதங்களின் குறிப்புகள் எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன. என்றைக்கு எங்கே போனோம், என்ன வானிலை என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு என்ன தோன்றியது என்று ஒரு வரிகூட இல்லை. மறைக்கவில்லை. உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை.

திருவனந்தபுரத்தில் அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மார்பில் கட்டி. அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து, மொத்தம் ஆறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் இந்த நோய் வந்தால் ஒன்று மதுரை, இல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம். வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டுக்குச் சற்று உள்ளே. எங்களுக்கு மலை தாண்டுவதுதான் சுலபம்.

கார் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கண்ணில் புரை எடுத்த பிறகு எனக்கு மலைப்பாதையில் ஓட்டத் தைரியம் இல்லை. அவளுடைய தம்பி செங்கோட்டையில் இருக்கிறார். போலீசில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் காலையில் பஸ்ஸில் வந்து வண்டியை எடுப்பார். நான் அவர் பக்கத்தில் உட்காருவேன். அவள் பின் சீட்டில் தலையணை போட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். அவள் படுத்த பிறகு பின்னால் இன்னொருவருக்கு இடம் இருக்காது. அதனால் நானோ மச்சினனோ அந்தப் பயணங்களில் ஒரு தடவைகூடப் பின்னால் உட்கார்ந்ததில்லை.

செங்கோட்டையில் பெட்ரோல் போடுவதை மச்சினன் ஒரு சடங்கு மாதிரிச் செய்வார். புளியரை எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் விலை கூடுதல். அந்த ரோட்டுப் பெட்ரோல் பங்குகளில் எப்போது பார்த்தாலும் கேரளா நம்பர் வண்டிகள் நிற்கும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் கழுத்துவரை நிரப்பிக்கொண்டுதான் மலை ஏறுவார்கள். மற்ற ஊர்களில் பம்பு டக்கென்று தானாக நின்றதும் மூடியைப் போட்டுவிடுவார்கள். இங்கே அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். மச்சினன் இறங்கிப் பின்பக்கம் போய், வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவார். உள்ளே தங்கியிருக்கிற காற்று வெளியேறினால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

"அண்ணாச்சி, கட்டாயிட்டு," என்பான் பங்குக்காரப் பையன்.

"கட்டாவட்டும்லே. நான் குலுக்குதேன், நீ ஊத்து. வாய்ல வந்து நிக்கது கண்ணுக்குத் தெரியணும்."

பின் சீட்டிலிருந்து அவள் குரல் வரும். "ஏலே, உள்ள ஒருத்தி கிடக்கேன். என்னையென்ன புளிமூட்டைன்னு நினைச்சியா?"

"உனக்கும் சேத்துதாங்கா. தின்னது செமிக்கும்."

"தின்னாத்தானலே செமிக்கதுக்கு."

இரண்டாவது தடவை போகும்போது, புளியரை தாண்டி வளைவுகள் ஏறுகையில், அவள் முதன்முதலாகச் சொன்னாள்: "பெட்ரோல் வாடை அடிக்கு."

மச்சினன் திரும்பாமலே சொன்னார்: "பெட்ரோல்ல ஓடுத வண்டில பன்னீர் வாடையா அடிக்கும்?"

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முன் கண்ணாடிகள் இரண்டும் கொஞ்சம் திறந்திருந்தன. மழை வாடைதான் வந்தது.

முதல் மருந்துக்குப் பிறகே அவளுக்கு வாடைகள் மாறிவிட்டன. சோறு இரும்பு வாடை அடிக்கிறது என்றாள். சோப்பை மாற்றினோம், எண்ணெயை மாற்றினோம். நன்றாகத் துவைத்துக் காய்ந்த சேலையை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி துவைக்கப் போட்டாள். ருசியும் வாடையும் மாறும், மருந்து முடிந்ததும் சரியாகிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆகவே பெட்ரோல் வாடையையும் அந்தக் கணக்கில் சேர்த்தோம்.

ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. இந்த வாடை போகும்போதுதான் வந்தது. திரும்பி வரும்போது கேட்டால், "இல்ல, இப்ப இல்ல," என்பாள். மருந்து ஏற்றிக்கொண்டு, உடம்பு மோசமாக இருக்கிற நேரத்தில் வாடை இல்லை. காலையில் ஓரளவு தெளிவாகக் கிளம்புகிறபோது வாடை இருக்கிறது. மூன்றாவது தடவை டாக்டரிடம் இதைச் சொன்னோம். சிலருக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலே குமட்டும், உடம்புக்கு முன்னால் மனசு போய் நின்றுகொள்ளும் என்றார். எனக்கு அது பொருத்தமாகப் பட்டது. இதைப் பற்றி நான் படித்தும் இருக்கிறேன். வீட்டுக்கு வந்து அவளிடமும் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். 

நான்காவது தடவை விளக்கு எரிந்தது. மச்சினன் டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார். "புது வண்டின்னா இப்படித்தான். சும்மா எதையாவது காட்டும். ஜீப்புல இந்தப் பாடெல்லாம் கிடையாது." அன்றைக்கு அவள் ஆரியங்காவிலிருந்து குளத்துப்புழை வரை எழுந்து உட்கார்ந்தபடியே வந்தாள், முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் சொன்னாள்: "இன்னும் ரெண்டு இருக்குல்லா? நான் வரல."

டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"டாக்சியிலயும் வரும். வண்டியில இல்லங்க, எங்கிட்ட இருக்கு. நீங்கதான சொன்னீங்க, மனசு முந்திப் போயி நிக்கின்னு. மூக்கும் போச்சு, மனசும் போச்சு. இல்லாததெல்லாம் வருது. இப்படி ஒருத்திய எதுக்கு மலைக்கும் மருந்துக்கும் இழுத்துக்கிட்டு அலையுதீங்க?"

"அப்படிச் சொல்லாதே. வண்டியிலும் ஏதோ கோளாறு இருக்கிறது. விளக்கு எரிகிறதே."

"அப்போ பாத்துச் சொல்லுங்க. வண்டியிலயா, எங்கிட்டயான்னு. வண்டியிலன்னா வாரேன். எங்கிட்டன்னா விட்டுருங்க." கொஞ்சம் கழித்து, "எனக்காகப் பொய் சொல்லக் கூடாது," என்றாள்.

பொய் சொல்லலாம் என்று நானும் நினைத்திருந்தேன். எங்களுக்கு மணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் பொய் சொன்னால் வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவாள்.

6.7.2024, சனி. தென்காசியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நிறையப் பேசுவார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, செல்போன் அளவுத் திரையை என்னிடம் காட்டினார். P0441 என்று இருந்தது.

"பெட்ரோல் ஆவி போற லைன்ல கோளாறு அண்ணாச்சி. சின்ன விஷயம்."

அவர் சொன்னதையும் பிறகு வண்டியோடு வந்த புத்தகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். டேங்கில் இருக்கிற பெட்ரோல் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அதை வெளியே விடக் கூடாது என்பது சட்டம். அதனால் டேங்குக்குப் பக்கத்தில் கேனிஸ்டர் என்று ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். உள்ளே நிறையக் கரி. ஆவி அந்தக் கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறந்து, இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். உறிஞ்சுகிற அளவு சரியாக இல்லையென்றால் விளக்கு எரியும். மூடி சரியாக இறுகாததில் தொடங்கி வால்வு, குழாய், டப்பா என்று எது கெட்டாலும் இதைப் போன்ற எண்கள்தான் வரும்.

"இதால உள்ளே பெட்ரோல் வாடை வருமா?" என்று கேட்டேன்.

"வரும். வராமலும் இருக்கும்." அவர் பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்தார். "எனக்குத் தெரியல. இருவது வருஷமா இதுக்குள்ளயே கிடக்கேன், எனக்கு மல்லிப்பூவே பெட்ரோல் வாடைதான் அடிக்கும். வீட்டுல இதுக்கே சண்டை."

மூடியில்தான் கோளாறு என்று முடிவு செய்து புது மூடி போட்டார். ஸ்கேனரில் எண்ணை அழித்தார். விளக்கு அணைந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"லைட்ட அணைச்சா ஆச்சா?" என்றாள். "வாடை இருந்துச்சா இல்லையா? அதச் சொல்லுங்க."

"அவருக்கும் தெரியவில்லை."

"எங்கிட்டதான்னு சொல்லுதீங்க."

சாப்பிடவில்லை. அடுத்த நாளும் மருந்துக்கு வரமாட்டேன் என்பதையே சொன்னாள், கோபம் இல்லாமல், பால் வாங்கச் சொல்கிற மாதிரி. அந்த வாரம் நான் தினமும் காலையில் வண்டியின் பின் சீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். புது வண்டிக்குரிய பிளாஸ்டிக் வாடையும் அவள் தலையணையில் தேங்காய் எண்ணெய் வாடையும்தான் இருந்தன. ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததாக அவள் பிறகு சொன்னாள்.

பட்டறைக்காரர் போனில் சொன்னார்: "வாடை தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வாங்கண்ணாச்சி. நாம எல்லாம் ஆகாது."

இதை நான் சொன்னதும் வரமாட்டாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சேலையை மாற்றிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னைக்கே தெரிஞ்சிறட்டும்."

13.7.2024, சனி. மச்சினன் ஓட்டினார். பட்டறைக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். நான் முதல் தடவையாகப் பின் சீட்டில், அவள் பக்கத்தில். பட்டறையிலேயே பார்க்கலாம் என்றார் அவர். அவள் முடியாது என்றாள். "இங்கன எல்லாமே பெட்ரோலு. இங்க வச்சு என்னத்த மோந்து பாக்க?" நல்ல காற்று இருக்கிற இடத்துக்குப் போகச் சொன்னாள். குற்றாலத்துக்குப் போனோம்.

சீசன் நேரம். ஐந்தருவி ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பழக்கடைகளைத் தாண்டி, கூட்டம் குறைகிற இடத்தில், மேடான ஓரத்தில் நிறுத்தினோம். சாரல் விட்டுவிட்டு விழுந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான்கு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எண்ணெய் தேய்த்த உடம்போடு குளிக்கப் போகிற ஒரு கும்பல் எங்களை உற்றுப் பார்த்துக்கொண்டே போனது. மூடிய காருக்குள் நான்கு பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்.

"வருதாக்கா?" என்றார் மச்சினன்.

"இல்ல."

பட்டறைக்காரர் இன்ஜினை ஓடவிடச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், மறுபடி ஓடவிடச் சொன்னார். "இப்ப?"

"இல்ல."

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினோம். அப்போதும் இல்லை. இத்தனை நாளும் வாடை வந்துவிடக் கூடாதே என்று இருந்தவன், இப்போது அது வர வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி," என்றாள். "தெரிஞ்சு போச்சுல்லா. வீட்டுக்கு விடுலே."

 மச்சினன் வண்டியைத் திருப்பினார். தென்காசியை நோக்கி வரும்போது பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். திருவனந்தபுரம் போய்வந்த பிறகு பெட்ரோல் போடவில்லை, டேங்கில் பாதிக்கும் கீழே இருந்தது. வழியில் இருந்த பங்கில் அவர் கை தானாகவே வண்டியை ஒடித்தது. அங்கே எல்லை ஒன்றும் இல்லை, விலை வித்தியாசமும் இல்லை. பழக்கம். பம்பு டக்கென்று நின்றது. இறங்கிப் போய் வண்டியைக் குலுக்கினார். நாங்கள் பின்னால் ஆடினோம்.  வழக்கமான பேச்சு அன்று இல்லை. மறுபடி ஊற்றினார்கள், மறுபடி குலுக்கினார். வாய்வரை வந்ததும் மூடியை முறுக்கினார்.

பங்கிலிருந்து வெளியே வந்து, எங்கள் தெரு திரும்புவதற்குள் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"இப்ப வருது."

மச்சினன் சொன்னார்: "இப்பத்தான பங்குல இருந்து வாரோம். அந்த வாடையா இருக்கும்க்கா."

"பங்கு வாடை எனக்குத் தெரியும்லே. இது பின்னால இருந்து வருது. இங்கன, கீழ." சீட்டுக்கும் கதவுக்கும் இடையே விரலைக் காட்டினாள். நான் குனிந்தேன். வந்தது. மெல்லிசாக, ஆனால் சந்தேகமில்லாமல். என் மூக்குக்கு அது எட்ட முகம் சீட்டைத் தொட வேண்டியிருந்தது. அவள் தலையணை வைத்துப் படுக்கிற இடம் அதுதான்.

பட்டறைக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஈர ரோட்டிலேயே மல்லாந்து படுத்து, பின் சக்கரத்துக்குப் பக்கம் தலையை நுழைத்தார். அங்கிருந்தே கத்தினார்: "அண்ணாச்சி, கேனிஸ்டர்ல இருந்து சொட்டுது! கரியே நனைஞ்சு கிடக்கு. யாரு இப்படி ரொப்பினது?"

மச்சினன் கண்ணாடி வழியாக நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேங்கின் மேல்பக்கத்தில் ஆவிக்காக விட்டிருக்கிற இடத்தையும் பெட்ரோலால் நிரப்பிவிட்டால், ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய்விடும். அந்த நிலையில் வண்டியைக் குலுக்கவும் செய்து, உடனே மலை ஏற்றினால் கேட்கவே வேண்டாம். திரும்பி வரும்போது டேங்க் குறைந்திருக்கும், இன்ஜின் உறிஞ்சி உறிஞ்சிக் கரி ஓரளவு காய்ந்திருக்கும். அதனால்தான் போகும்போது வாடை, வரும்போது இல்லை. அவள் இரண்டு மாதங்களாகச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் முன்னால் கண்ணாடியைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஏலே," என்றாள் தம்பியிடம். "நீயால?"

"அக்கா, ரேட்டு அங்கன..."

"போலீஸ்காரன் மூளை. கள்ளன் வண்டிக்குள்ளயே இருந்திருக்கான், ரெண்டு மாசமா பிடிக்க முடியல."

பட்டறைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள் என்று நினைக்கிறேன், துண்டின் நுனியால் வாயை மூடியிருந்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. நிம்மதி என்ற சொல் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

புது கேனிஸ்டர் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. மாட்டும்போது அவளும் வந்தாள். கழற்றிய பழையதைத் தன்னிடம் காட்டச் சொன்னாள். பட்டறைக்காரர் அதைக் கவிழ்த்துத் தட்டினார். பெட்ரோலும் கறுப்புப் பொடியும் சேர்ந்து ஒழுகின. அவள் குனிந்து மோந்துவிட்டு, "இதேதான்," என்றாள்.  வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டாள்: "அப்போ சோத்துல வருத இரும்பு வாடை? அது நெசமா, என் மூக்கா?"

"அது மருந்து," என்றேன்.

"இதையும் அப்படித்தான சொன்னீங்க."

 அரிசியை மாற்றினேன், குக்கரை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். இரும்பு வாடை போகவில்லை. சோற்றில் ஸ்கேனரைச் செருகிப் பார்க்க இடமில்லை என்று அவளே ஒரு நாள் சொன்னாள்.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். 23.7.2024, செவ்வாய், ஐந்தாவது தடவைக்குக் கிளம்பினோம். செங்கோட்டையில் பம்பு டக்கென்றதும் மச்சினன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பையன் தானாகவே, "குலுக்கலயா அண்ணாச்சி?" என்று கேட்டான். "மூடுலே," என்றார். முன்னாலும் பின்னாலும் நின்ற வண்டிகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

புளியரை தாண்டி வளைவுகளில் ஏறினோம். விளக்கு எரியவில்லை. ஆரியங்காவு தாண்டியதும் நான் திரும்பி, "வருதா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றாள்.

குளத்துப்புழைக்கு முன்னால் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். அது மருந்தின் நினைவாக இருக்கலாம், வளைவுகளாக இருக்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஏறியதும், "போலாம்," என்றாள். அன்றும், ஆகஸ்டில் ஆறாவது தடவையும் மருந்து ஏறியது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போகிறோம். வண்டியில் அந்த எண் மறுபடி வரவில்லை.

ஒன்று மட்டும் என் குறிப்பில் முடியாமல் நிற்கிறது. ஐந்தாவது தடவை வாந்திக்கு நிறுத்திய இடத்தில், அவள் இறங்க உதவுவதற்காகப் பின் கதவைத் திறந்தேன். கொட்டுகிற மழையிலும் அவள் பக்கத்துக் கண்ணாடி பாதிவரை இறக்கப்பட்டிருந்தது. தலையணை நனைந்திருந்தது. அவள் தலைமாடு எந்தப் பக்கம் வாடை வந்ததோ அதற்கு எதிர்ப் பக்கமாக மாற்றி வைக்கப்பட்டிருந்தது. காற்றுக்காக என்றால் அதற்கு முன்னால் அவள் கண்ணாடியை இறக்கியதே இல்லை. சீட்டின் அருகே முகம் வைத்து மோந்து பார்க்க எனக்குத் தோன்றியது, ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் கேட்கவில்லை. கேட்டு, வருது என்று அவள் சொல்லிவிட்டால், புது கேனிஸ்டருக்குப் பிறகு அது வண்டியில் இல்லை, அவளிடம்தான் என்றாகிவிடும்; எங்கிட்டன்னா விட்டுருங்க என்று சொன்னவள் அவள்.

23.7.2024 அன்று ஆரியங்காவில் அவளுக்கு வாடை வரவில்லை என்பது அவள் சொல் மட்டுமே. வேறு வழியில் உறுதி செய்யப்படவில்லை.